ரோசாப்பூவோடு வந்த ஊசி

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அத்தாவை, தன்னைப் பெற்றவரை, பார்க்கக் கிளம்பிய அப்ரோஸ் பேகம், கணவன் அகமது கபீருக்கு ஒரு சீட்டு எழுதி, பூ வைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அடியில் செருகினாள்.

"மச்சான், மீன் குழம்பை மூடி வச்சிருக்கேன், பூனை வரும். சாவி பக்கத்து வீட்டு செல்லத்தாய் அக்காகிட்ட. வத்திராயிருப்பு மாமி வந்தா டீ போட்டுக் குடுங்க. பாட்டில்ல நம்ம வீட்டு நந்தியாவட்டையும் உங்க மில்லு மேனேஜர் குடுத்த ரோசாவும் இருக்கு. பங்குனி வெயிலு, தண்ணி மாத்துங்க. நேத்து வந்ததும் 'மேனேஜரே பறிச்சுக் குடுத்தாரு'ன்னு சொன்னிய. ரோசாவுக்குள்ள கெடந்துச்சுன்னு கொண்டை ஊசியக் காட்டினதும், 'அவர் வீட்டம்மா பறிச்சிருப்பாக, தலையிலருந்து விழுந்திருக்கும்'னு மாத்திட்டிய. ஊசிய பக்கத்துல வச்சிருக்கேன், அந்தம்மாகிட்ட குடுத்துருங்க."

செருப்பை மாட்டியும் அவளுக்கு மனம் ஆறவில்லை. திரும்பி வந்து ஊசியை எடுத்துத் தன் கொண்டையில் குத்திக்கொண்டாள். சீட்டின் ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதினாள்:

"ஊசி என்னோடது. குனிஞ்சு பூ அடுக்கையில என் தலையிலருந்துதான் விழுந்துச்சு. தெரிஞ்சேதான் காட்டினேன். அதப் பாத்ததும் உங்களுக்கு யாரு கொண்டை ஞாபகம் வந்துச்சு, மச்சான்?"