எங்கே எழுதியிருக்கிறது?

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் உங்களை நல்ல சுகத்தோடு வைத்திருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூவரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் விடவில்லை. நானே படம் எடுத்துப் பார்த்தேன். தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்ரே அறையில் மகளே வேலை பார்த்தும் மனிதர் வரிசையில் நின்றுதான் வந்தார். பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் வண்டிகளை வரிசைப்படி அனுப்பி நேரம் குறித்தவராயிற்றே.

என் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து நீங்கள் அனுப்பிய ஒற்றை வரி கிடைத்தது. "திருச்சபையை விட்டுப் போகிறவளுக்கு நான் என்ன எழுதுவது?" அதை அம்மாவிடம் காட்டவில்லை. அண்ணா, நீங்கள் குருவானவர், படித்தவர். ஆனாலும் சொல்கிறேன்: நான் எங்கேயும் போகவில்லை. எங்கள் மருத்துவமனை மருந்தகத்தில் இருப்பவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். அவர் ஒரு புராட்டஸ்டண்ட் சபைப் போதகரின் மகன். அவ்வளவுதான் செய்தி.

வேறு சபையாரைக் கட்டிக்கொள்ள வேண்டிய ஆயரின் அனுமதி வந்துவிட்டது. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதெல்லாம் செய்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போடும் முன் கட்டிக்கொள்ளப் போகிறவரையும் பங்குத்தந்தை முன்னால் உட்காரவைத்து, முழுவதும் வாசித்துக் காட்டினேன். "நான் தடுக்க மாட்டேன். ஆனா நான் நம்புறத என் பிள்ளைகிட்ட சொல்லாமலும் இருக்க மாட்டேன்" என்றார். பங்குத்தந்தை சிரித்துவிட்டு, "உண்மையைச் சொல்ற ஆளு" என்றார். பொய் சொல்லி எல்லாரையும் சமாளிக்கிறவராக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

போன ஞாயிறு மதியம் போதகர் நம் வீட்டுக்கு வந்தார். கையில் அவருடைய வேதாகமம். அப்பா சும்மா இருப்பாரா? நம்முடைய விவிலியத்தைத் தூசி தட்டி எடுத்துவந்து, உங்களுடையதில் ஏழு புத்தகம் குறைகிறதே என்று ஆரம்பித்தார். "குரு, ஆயர், அனுமதி, இதெல்லாம் எங்க எழுதியிருக்கு?" என்று போதகர் கேட்க, "எந்தெந்தப் புத்தகம் வேதம்னு அந்தப் புத்தகத்துல எங்க எழுதியிருக்கு? சபை கூடித்தானே சொல்லிச்சு?" என்று அப்பா திருப்பினார். ராஜாவை அடையாளம் கண்டுகொண்டதால் வாசல்காவலன் ராஜாவுக்கு மேலே ஆகிவிடுவானா என்றார் போதகர். வாசல்காவலன் இல்லாவிட்டால் கண்ட ஆளும் கிரீடம் வைத்துக்கொண்டு நுழைந்திருப்பான் என்றார் அப்பா. தேநீர் இரண்டு தடவை ஆறிப்போனது. இருவருக்கும் முகம் சிவந்திருந்தது. கல்யாணம் இன்றோடு கலைந்தது என்றே நினைத்தேன்.

ஆறு மணி ஆனதும் அம்மா, யாரையும் கேட்காமல், வழக்கம்போலச் செபமாலையைத் தொடங்கிவிட்டார். போதகர் எழுந்துபோகவில்லை, கைகட்டி உட்கார்ந்திருந்தார். முடிவில் இறந்தவர்களுக்காக வேண்டும்போது, நம் தாத்தா பெயருக்குப் பிறகு, போன வருடம் தவறிப்போன போதகரின் மனைவி பெயரையும் அம்மா சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறந்தவர்களுக்காக வேண்டுவது அவர்களிடம் கிடையாது. வேதத்தில் இல்லை என்று பிரசங்கமே செய்தவர் அவர்.

போதகர் அம்மா பக்கம் திரும்பினார். பிறகு, "அதுக்கு எழுத்து ஆதாரம் இல்லைம்மா. அவ ஏற்கனவே தேவன்கிட்ட சேர்ந்துட்டா. ஆனா அவ பேர இன்னொருத்தர் வாயால கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா, "நீங்க நன்றி சொல்லுங்க, நான் வேண்டிக்கறேன். ரெண்டும் ஒருத்தர்கிட்டதானே போகுது" என்றார். அப்பா தன் விவிலியத்தை மூடி வைத்தார். நம்புவீர்களா?

யாரும் கட்சி மாறவில்லை, அண்ணா. புறப்படும்போதும் போதகர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நம் திருச்சபை மரபைப் பற்றி ஒரு குத்து குத்திவிட்டுத்தான் போனார். ஆனால் அப்பா இப்போது தினமும் பவுலின் கடிதங்களை வாசிக்கிறார். அடுத்த தடவை பதில் சொல்ல வேண்டுமாம். இத்தனை வருடம் கோவிலில் காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்கும்போது சில இடங்களில் தனக்கே இடிக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார். அதற்காகத் திருப்பலிக்குப் போவதை நிறுத்தவில்லை; இன்னும் பத்து நிமிடம் முன்னதாகவே போகிறார்.

திருமணம் அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, நம் கோவிலில். பங்குத்தந்தை நடத்திவைப்பார், போதகர் ஒரு வாசகம் வாசித்து ஜெபம் செய்வார். நீங்கள் வராவிட்டாலும் அது நடக்கும். மிரட்டலாக எழுதவில்லை, என் மனதில் குழப்பமில்லை என்பதற்காக எழுதுகிறேன். திருச்சபைச் சட்டப்படி எனக்கு வேண்டிய அனுமதியெல்லாம் கிடைத்துவிட்டது.

குருவாக வந்து நிற்க உங்களுக்கு மனமில்லையென்றால், அங்கியைப் பையில் வைத்துக்கொண்டு என் அண்ணனாக வாருங்கள். முதல் வரிசையில் அம்மாவுக்கும் போதகருக்கும் நடுவில் ஓர் இடம் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே வேறு யாரையும் உட்காரவிட மாட்டேன்.

உங்கள் ஆசீரை எதிர்பார்த்து நிற்கும்,
தங்கை