வைஃபை வராத சாயங்காலங்கள்

மாமா,

லேப்டாப்பைத் திறந்ததும் லேசான ஆஸ்பத்திரி வாடை அடித்தது. கேமராக் கண்ணின் மேல் நீங்கள் ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது, ஓரம் மட்டும் அழுக்கேறிவிட்டது. "எவன் எங்கேருந்து பாக்கிறானோ, யாருக்குத் தெரியும்?" என்று சொல்லி ஒட்டினீர்கள். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பியாகிவிட்டது. உங்கள் மகன், உங்கள் பேரன் கதிரையும் கூட்டிக்கொண்டு, வாடகைக்கு எடுத்த பொருட்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். தீவின் விமான நிலையத்தை ஒட்டிய இந்தப் பத்துபஸ்தி வீட்டில் இப்போது நானும் இந்த லேப்டாப்பும்தான். தலைக்கு மேல் விமானம் இறங்குகிற சத்தத்தில் ஜன்னல் அதிர்கிறது.

உங்களைப் போல ஒரு சந்தேகப் பேர்வழியை நான் பார்த்ததில்லை. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டையரான பிறகும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் சொந்த வீட்டு ஸ்விட்சைக்கூடத் தொட மாட்டீர்கள். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினால் "சாயம் தடவியிருப்பான்" என்பீர்கள். போனில் ரப்பர் பேண்டு சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பீர்கள். குளிக்கப் போனாலும் அது கூடவே வரும். எது நடந்தாலும் ஒரே பேச்சுதான்: "இதுல ஏதோ கட்பட் இருக்கு." கோளாறு, தில்லுமுல்லு, உள்குத்து எல்லாவற்றுக்கும் இந்தத் தீவில் அந்த ஒரு வார்த்தை போதும்.

நான் மட்டும் என்ன? மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், காபியில் டிகாஷன் போதவில்லை என்று நீங்கள் சொன்னதே காபியைப் பற்றியா, என் பிறந்த வீட்டைப் பற்றியா என்று நாள் முழுக்க யோசித்தவள். அத்தை நம் இரண்டு பேரையும் பார்த்து, "பாம்பின் கால் பாம்பறியும்" என்று சிரிப்பார்.

அத்தை காலமான மறு வருஷம்தான் மதுரைப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் வேலைக்கு எனக்கு இன்டர்வியூ வந்தது. வீடியோவில்தான். பாடத்தை லேப்டாப் திரையில் காட்டி நடத்த வேண்டும். வேலை கிடைத்தால் கதிரையும் அங்கேயே பள்ளியில் சேர்ப்பதாக முடிவு. உங்கள் மகனோ தீவுக்குத் தீவு போகிற கப்பலில் வேலை பார்க்கிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். நாங்கள் போனால் இந்த வீட்டில் நீங்கள் ஒண்டிக்கட்டை. இதெல்லாம் தெரிந்த நீங்கள், இன்டர்வியூவுக்கு முந்தின நாள், என் லேப்டாப்பில் இருந்ததை வழித்துத் துடைத்துவிட்டு லினக்ஸ் என்று வேறொரு இயங்குதளத்தைப் போட்டு வைத்தீர்கள்!

காலையில் திறக்கிறேன், வைஃபை குறி இருக்க வேண்டிய இடம் காலி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே உங்களிடம் வந்தேன்.

"மாமா, வேணும்னேதானே பண்ணீங்க?"

"நான் ஏம்மா பண்றேன்? பழசுல கட்பட் இருந்துச்சு, மாத்தினேன். இது திறந்த சாமான். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா பாத்துக்கலாம்."

"அப்ப வைஃபை எங்க?"

நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள். பிறகு லினக்ஸைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த பழைய கூட்டாளியிடம் கேட்டுவிட்டு வந்தீர்கள். வைஃபை சில்லை வேலை வாங்குவதற்கு டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டுமாம். "சில்லு பண்ணவன் அதைத் திறந்து காட்ட மாட்டேங்கிறான். காட்டாதவனை இந்த லினக்ஸ்காரங்க உள்ள சேர்க்கல. அச்சா பாலிசி!" அந்த நேரத்திலும் உங்கள் முகத்தில் ஒரு பெருமை வேறு. தன்னைப் போலவே யாரையும் நம்பாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்.

டிரைவரை இறக்க நெட் வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆகாமல் பைத்தியம் தீராது, பைத்தியம் தீராமல் கல்யாணம் ஆகாது என்கிற கதைதான். என் போன் ரிப்பேர் கடையில் கிடந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மாமா திட்டம் போட்டே கவிழ்த்துவிட்டார் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, பூட்டைத் திறந்து என் கையில் கொடுத்தீர்கள். "கேபிளைச் சொருகினா போன் வழியா நெட் ஏறுமாம்" என்றீர்கள். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டீர்கள், மாமா. நான் என்ன பார்க்கிறேன் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

போனைக் கேபிளில் மாட்டினேன், நெட் வந்தது. சேர்க்காதது நல்லதென்று நீங்கள் மெச்சிய அந்த மூடின டிரைவரைத் தேடி இறக்கிப் போட்டேன். அணைத்துத் திறந்ததும் வைஃபை குறி எழுந்து நின்றது. இன்டர்வியூ நடந்தது, வேலையும் கிடைத்தது. சொன்னதும், "கப்பல் டிக்கெட் கிடைக்கிறது கஷ்டம், இப்பவே பாரு" என்றீர்கள். அவ்வளவுதான்.

பள்ளியில் வேறு லேப்டாப் கொடுத்தார்கள். இதை உங்களிடமே விட்டுப் போனேன். நாங்கள் போன சில நாளிலேயே சாயங்காலம் போன் வந்தது.

"வைஃபை மறுபடி போச்சும்மா. கட்பட்."

அன்றிலிருந்து வாரம் தவறினாலும் உங்கள் வைஃபை போவது தவறவில்லை. நான் ஒவ்வொரு படியாகச் சொல்வேன். "இரு, ஏதோ எழுத்து ஓடுது" என்பீர்கள். அது ஓடி முடிகிற வரைக்கும், "கதிர் சாப்பிட்டானா? மழையா அங்க? உன் குரல் ஏன் கம்முது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். வேறு வைஃபை கார்டு போட்டுவிடலாம் என்றால், "வேணாம் வேணாம், கடைக்காரன் பழசைத் தலையில கட்டிடுவான்" என்று பதறுவீர்கள்.

இன்று லேப்டாப் திறந்தவுடன் வைஃபை தானாகச் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டு வங்காளி தீதி டீ கொண்டுவந்தார். இதில் வைஃபை சரியாக வராதாமே என்று கேட்டேன்.

"கோன் போலா? கபி பந்த் நஹீ ஹுவா! ஒருநாள்கூட நின்னது இல்ல!" என்றார். "அங்கிள் ரோஜ், தினம் சாயங்காலம் இதுலதான் நியூஸ் பாக்கும், கித்னா சத்தம்! உனக்குப் போன் போடுற டைம் வந்தா மட்டும் சவுண்ட் பந்த்."

அவர் போனதும் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. திருட்டு மாமா!

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அப்போதே சந்தேகம்தான். ஒருமுறை போட்ட டிரைவர் வாராவாரம் தொலைய அது என்ன மூக்குக் கண்ணாடியா? நிஜமாகவே போயிருந்தால் நாலு சொடுக்கில் சரியாகிவிடும், அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னேன், அணைத்துத் திறக்கச் சொன்னேன், "மெதுவாத்தான் வரும், வச்சிடாதீங்க மாமா" என்று சொன்னேன். பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தால் பிறந்த வீட்டில் யாரும் மிஞ்சாத அந்த ஊரில், கதிரைத் தவிர எனக்கும் பேச வேறு யார் இருந்தார்கள்?

பிளாஸ்திரியை உரிக்கப் போவதில்லை. லேப்டாப்பை என்னோடு கொண்டுபோகிறேன். உங்கள் போனும் ரப்பர் பேண்டோடு என் பையில்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஆகிவிட்டது. வைஃபை குறி முழுசாக நிற்கிறது. நீங்கள் இன்னும் கூப்பிடவில்லை. இதில்தான் மாமா, கட்பட் இருக்கிறது.