முழங்கை வளைவு

06:10 – வழக்கமான பதிவு

கலம் சீர். மின்கலம் சீர். நான் சீர்.

இதை எடுத்துப் படிப்பவர் யாரென்று தெரியாததால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலவின் இரு துருவங்களையும் தொட்டுச் சுற்றும் பாதை. வட துருவத்தில் தலைமைத்தளம்: மருத்துவர், மீட்புக் கலம், அதிகாரிகள். தென் துருவத்தில் நிழல்குழி: சுரங்கம் தோண்டுகிறவர்கள், அவர்கள் குடும்பங்கள். இரண்டும் பூமியின் பார்வை படாத பள்ளங்கள். ஒன்றின் குரல் கேட்கும்போது மற்றது எனக்குக் கேட்காது. இங்கே செய்தி வாங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அரைச் சுற்று சுமந்து, அங்கே கொடுக்கிறேன். இரண்டாவது செய்மதி அடுத்த திட்டத்தில் வருமாம்.

என் பெயர் மேகலா. நிழல்குழிக்காரர்களுக்கு மேல்வீட்டுக்காரி.

08:05 – ஒத்திகை

நிழல்குழியில் மருத்துவர் இல்லை. மீட்புப் படை இல்லை. ஆபத்துக்காலத் திட்டத்தில் ஒரு வரி மட்டும் இருக்கிறது: முதல் நாள், உள்ளூர்த் தன்னார்வலர்கள். அந்த ஒரு வரிதான் தோள் மன்றம். வேலை முடிந்து வந்தவர்கள், தூக்கத்தை விட்டு வந்தவர்கள். தலைவர் டார்வின், வெல்டர், நாகர்கோவில். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான்.

இன்று ஒத்திகை. கேமரா வழியாகப் பார்த்தேன். தூக்குப்பலகையில் யாரும் படுக்க மாட்டார்கள். நாலு பேர் தூக்கிப் போவது ஒரு தடவைக்குத்தான், அதற்கு ஒத்திகை எதற்கு என்று ஒருவர் சொன்னாராம். மற்றவர்களும் நகர்ந்துவிட்டார்கள். எப்போதும் போலச் சமையற்கூடத்து சபூரா அக்கா ஓர் அரிசி மூட்டையைக் கொடுத்தார். மூட்டைக்குத் தலைமைத்தள அதிகாரியின் பெயர் வைத்தார்கள்.

தோண்டுபகுதிக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஒரே குகைவழி. பாதியில் முழங்கை மடங்கியது போல ஒரு வளைவு. நிலவில் எடை ஒரு பொருட்டில்லை. மூட்டை வளைவில் லேசாகத் தொய்ந்து, மடங்கி, இந்தப் பக்கம் வந்தது. கைதட்டினார்கள்.

தோண்டுபகுதியிலேயே ஒரு தஞ்ச அறை உண்டு. கதவை மூடிக்கொண்டால் தனிக் காற்று. ஒத்திகையில் அதைத் தாண்டி வந்துவிடுவார்கள். டீயும் சுண்டலும் இந்தப் பக்கம்தான்.

டார்வின் அனுப்பியது: "ஆளு பொழச்சிட்டாருன்னு மேல எழுதிக்கோ மக்கா. ராத்திரி சோறாயிருவாரு."

சிரித்தேன். எழுதிக்கொண்டேன்.

11:58 – நிழல்குழி மேல்

தரை அதிர்ந்திருக்கிறது. பெரிய அலைவாங்கி விழுந்துவிட்டது. கேமரா இல்லை. கையடக்க வானொலியில் டார்வினின் குரல் மட்டும், நடுவில் கரகரப்பு.

தோண்டுபகுதிக் கூரை இறங்கிவிட்டது. எங்கோ காற்று கசிகிறது. மெதுவாக, ஆனால் நிற்காமல். ஷிப்டில் இருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள், இருவரைத் தவிர. அபுசாலி, சபூரா அக்காவின் கணவர். துளைப்பொறி ஓட்டும் லூர்தம்மாள்.

நான் கேட்பதற்கு முன்பே மன்றத்துக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். போகச் சொல்ல அங்கே யாருமில்லை. போகாதே என்று சொல்லவும்.

நான் கடந்துபோனேன். பாதை அப்படி.

12:57 – தலைமைத்தளம் மேல்

சொன்னேன். மீட்புக் கலத்தைத் தயார்ப்படுத்துகிறார்கள். போய்ச்சேர ஏறக்குறைய ஒரு நாளாகும்.

அதுவரை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். திட்டத்தின்படி செய்யச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

திட்டம் என்றால் டார்வின்.

13:56 – நிழல்குழி மேல்

அபுசாலி கிடைத்துவிட்டார். முதுகில் பாறை. பேசுகிறார். கால் விரலை அசைக்கச் சொன்னார்கள், அசைத்தாராம். மன்றத்துக்காரர்கள் கற்றுக்கொண்டபடியே செய்திருக்கிறார்கள்: கழுத்துக்குப் பட்டை, உடம்பைப் பலகையோடு இறுக்கிக் கட்டு, மெதுவாகத் தூக்கு. ஒன்றுகூடத் தப்பில்லை.

பலகை முழங்கை வளைவில் நிற்கிறது.

சாய்த்துப் பார்த்தார்கள். செங்குத்தாக நிறுத்திப் பார்த்தார்கள். கூரை தாழ்வு. விறைத்த ஓர் ஆள் நீளம் அந்த வளைவில் திரும்பவில்லை. கசிவு கூடியிருக்கிறது. காது அடைக்கிறதாம்.

டார்வின்: "கட்ட அவுத்து மடக்கிக் கொண்டாந்துரலாமான்னு டாக்டர்ட்ட கேளு. சீக்கிரம் கேளு மக்கா."

சீக்கிரம் என்ற சொல்லுக்கு என் பாதையில் இடமில்லை. அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

பின்னாலிருந்து இன்னொரு குரல். அபுசாலி. முகமூடிக்குள்ளிருந்து, கொஞ்சம் கேலியாக: "மூட்டையே வருது, நா வரமாட்டனா. கட்ட அவுருங்கலே."

காத்திருங்கள் என்றேன். அதற்குள் கரகரப்பு. கேட்டதா என்று தெரியாது.

14:55 – தலைமைத்தளம் மேல்

மருத்துவர் யமுனா யோசிக்கவே இல்லை.

"மடக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்கும். பலகையோடு தஞ்ச அறைக்குத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கதவை மூடினால் மீட்புக் கலம் வரும்வரை காற்று இருக்கும். இன்னொருவர் கிடைத்தாலும் அப்படியே. அசைக்க வேண்டாம்."

தஞ்ச அறை. திரும்பினால் கொஞ்ச தூரத்தில்தான் இருந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவர்கள் கால்கள் பழகியது ஒரே திசைக்கு.

15:20 – நடுவழி

பதில் என்னிடம் இருக்கிறது. சரியான பதில். கீழே பள்ளங்கள். ஒளி, நிழல், ஒளி. பள்ளங்களுக்குப் பெயர்கள் உண்டு. பெயர் வைத்தவர்கள் யாரும் இங்கே வந்ததில்லை.

வேகத்தைக் கூட்ட முடியாது. கூட்டினால் பாதை உயரும், இன்னும் தாமதமாகும். பல்கலைக்கழகத்தில் இதைக் கரும்பலகையில் நிறுவியிருக்கிறேன். அழகான நிறுவல் என்று பேராசிரியர் சொன்னார்.

காத்திருப்பார்கள். காத்திருக்க மாட்டார்கள். நான் அங்கே இருந்தால் காத்திருப்பேனா?

வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். மடக்காதீங்க. மடக்காதீங்க அண்ணே.

15:54 – நிழல்குழி மேல்

அபுசாலியைக் குடியிருப்புக்குள் எடுத்துவிட்டார்கள்.

கட்டை அவிழ்த்து, டார்வின் தோள்பக்கம் பிடித்து, இன்னொருவர் முட்டிக்குக் கீழே பிடித்து. வளைவில் ஒரு சத்தம் வந்ததாம். யாருடைய சத்தம் என்று டார்வின் சொல்லவில்லை. அபுசாலி உயிரோடிருக்கிறார். டீ கேட்டார். குடித்தார். பிறகு காலை யாராவது நீட்டிவிடுங்கள் என்றார். கால் நீட்டித்தான் இருந்தது.

வானொலி கைமாறியது. சபூரா அக்கா.

"மேகலா. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? இவங்க செஞ்சது சரிதானே?"

அவருக்குப் பக்கத்தில் டார்வின் மூச்சு வாங்குவது கேட்டது. அவரைச் சுற்றி மற்றவர்களும் இருந்திருப்பார்கள். சம்பளமில்லாமல், சீருடையில்லாமல், முகமூடியின் தடம் முகத்தில் பதிந்தவர்கள். ஒரு வார்த்தைக்காக.

உண்மையால் இனி அந்தக் கால்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நினைத்தேன்.

"சரிதான் அக்கா," என்றேன். "மடக்கலாம்னுதான் சொன்னாங்க."

கீழே ஒரு பெருமூச்சு. ஒன்றல்ல, பல. யாரோ அழுதார்கள். யாரோ டார்வினை முதுகில் தட்டியிருக்க வேண்டும்.

பிறகு டார்வின், பழைய குரலில்: "ரொம்பத் தெம்பாச்சு மக்கா. லூர்தம்மாளும் கெடச்சிட்டா பாத்துக்கோ. அவளா ஊந்து போயி தஞ்ச அறையில கெடக்கா. அவளுக்கும் முதுவுதான். நீ என்ன சொல்லுவியோன்னுதான் தொடாம நின்னோம். இப்பம் எடுத்துருதோம்."

நான்: "அண்ணே வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். கதவ மூடுங்க. நான் சொன்னது பொய். டாக்டர்"

கரகரப்பு.

அனுப்பு விசையை விடவில்லை. மலை விளிம்பு ஏறி மறைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தேன். எதுவரை போய்ச்சேர்ந்தது என்று கருவி காட்டாது. என் பக்கத்தில் எல்லாம் அனுப்பப்பட்டதாகவே காட்டுகிறது.

16:20 – நடுவழி

தொடாமல் நின்றார்கள். இந்த முறை காத்திருந்தார்கள்.

16:53 – தலைமைத்தளம் மேல்

மருத்துவர் கேட்டார்: பதில் சேர்ந்ததா, திருப்பிக் கொண்டுபோனார்களா?

சேர்வதற்குள் மடக்கிவிட்டார்கள் என்றேன். அடுத்தவரையாவது காப்பாற்றலாம், சரியாகச் சொல்லிவிட்டீர்கள்தானே என்றார்.

வேறு செய்தி இருந்தால் கொடுங்கள் என்றேன்.

அதிகாரியும் ஒரு செய்தி கொடுத்தார், கொண்டுபோய்ச் சேர்க்க: உள்ளூர்த் தன்னார்வலர்களின் துணிச்சல் பாராட்டத்தக்கது. முழுப் பொறுப்பையும் தொடர்ந்து அவர்களே ஏற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

17:31 – நடுவழி

ஒன்றிரண்டு சொல் போதும். வேண்டாம் என்பது போய்ச்சேர்ந்திருந்தால் போதும். அதை முதலில் சொன்னேன். இல்லை. அண்ணே என்பதை முதலில் சொன்னேன்.

மின்கலம் சீர். கலம் சீர்.

17:52 – நிழல்குழி மேல்

நான் கூப்பிடுவதற்கு முன்பே கூப்பிட்டார்.

"மேல்வீட்டுக்காரி, இருக்கியா? போன தடவ கடைசியில ஒண்ணும் வெளங்கல, ஒரே எரைச்சலு. ஆனா சோலி முடிஞ்சி. லூர்தம்மாளும் வந்தாச்சு. நீ சொன்ன மாதிரியே. அவளு மொதல்ல வேண்டாம்னா, அங்கனயே கெடக்கேன்னா. டாக்டரே சொல்லியாச்சுன்னு நாந்தான் சமாதானம் பண்ணித் தூக்குனேன். இப்பம் கண்ண மூடிக் கெடக்கா. கூப்பிட்டா மொனங்கல. அசதியாருக்கும்.

அடுத்து என்ன செய்யணும்னு டாக்டரு சொன்னாவ? சொல்லு மக்கா. அப்படியே செஞ்சிருதோம்."

விசையை அழுத்தியிருக்கிறேன். அவர்கள் பக்கத்தில் இப்போது என் மூச்சு கேட்கும். பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். எல்லாரும். நான்