காதைப் பொத்தும் வகுப்பு

ஒக்ரோபர் 6, ஞாயிறு

சீசாப் பகுதியில் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு எடுத்த மண்டபத்தில் மழை ஒழுகுகிறது. கோலாட்டத்துக்கு எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கோலோடு கோல் தட்டச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் விரலில் தட்டுகிறார்கள். தமிழும் அந்த இலட்சணம்தான். நான் ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதித் திரும்புவதற்குள் இத்தாலியனில் ஒரு சண்டை தொடங்கி முடிந்துவிடுகிறது.

இன்று புதுச் சட்டம் போட்டேன். வகுப்பில் யார் இத்தாலியன் கதைத்தாலும், நான் உட்பட எல்லோரும் இரண்டு காதையும் பொத்த வேண்டும். தமிழ் வந்தால்தான் கையை எடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

ஒக்ரோபர் 13, ஞாயிறு

சட்டம் வேலை செய்கிறது. லக்ஷனாவின் தாய் ரதி, மகளைக் கூட்டிப்போக வந்தவள், வாசலில் நின்று முறையிட்டாள். "வீட்டிலையும் பொத்துறாள் ரீச்சர். நான் போனை எடுத்துப் 'புரொந்தோ' எண்டாலும் விடுறாளில்லை." முறைப்பாடு என்றாலும் முகமெல்லாம் பெருமை. எனக்கும்தான்.

ஒக்ரோபர் 16

வேலை வீட்டில் நான் பராமரிக்கும் கிழவி சினியோராவைத் தூக்கி இருத்தியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறொன்றும் இல்லை.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

கோலாட்டம் இன்றுதான் ஒழுங்காக வந்தது. டிசம்பர் விழாவுக்குப் பயமில்லை.

லக்ஷனா மட்டும் பிந்தி வந்தாள், தலைகூடச் சீவாமல். நேரே என்னிடம் வந்து இத்தாலியனில் படபடவென்று ஏதோ தொடங்கினாள். பொத்தினோம். "அம்மா" என்றாள். கையை எடுத்து, "அம்மாவுக்கு என்ன?" என்றேன். கொஞ்சம் நின்றாள். திரும்பவும் இத்தாலியன். திரும்பவும் பொத்தினோம். "ஆறுதலா யோசிச்சுத் தமிழிலை சொல்லு பிள்ளை" என்றேன். போய்க் கோலை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டாள். ஒன்பது வயதுக்கு என்ன பிடிவாதம்! ஆனால் நன்றாக ஆடினாள்.

ஒக்ரோபர் 21

ரதிக்குப் பாரிசவாதம்.

லக்ஷனாவின் தகப்பன் றஞ்சித் காலையில் போன் எடுத்தார். மொண்டெல்லோவில் உணவகத்து வேலை முடிந்து, வகுப்பிலிருந்து பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது ரதி குசினித் தரையில் கிடந்திருக்கிறாள். தாயின் வாய் ஒரு பக்கம் கோணியதையும் கையிலிருந்து சீப்பு விழுந்ததையும் பிள்ளை காலையிலேயே கண்டிருக்கிறாள். "எனக்கு ஒண்டுமில்லை, நீ வகுப்புக்குப் போ" என்று தாய்தான் அனுப்பியிருக்கிறாள்.

"ரீச்சரிட்டைச் சொன்னனான் எண்டு பிள்ளை சொல்லுறாள். சொன்னவளோ?"

"ஓம்" என்றேன். எனக்குக் கேட்கவில்லை என்றும் சொன்னேன். அது பொய்யில்லை. ஐயோ, பொய்யாக இருந்திருக்கலாமே.

ஒக்ரோபர் 23

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது பக்கம் முழுவதும் இழுத்துவிட்டது. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

பள்ளியை நடத்தும் கிருபன் அண்ணை வாசலில் நின்றார். "பிள்ளையளுக்குத் தமிழ் வரவேணும் எண்டுதானே செய்தனீங்கள். உங்களிலை என்ன பிழை?" எல்லோரும் இதையே சொல்கிறார்கள். இருபது வருடமாக இந்த ஊரில் இத்தாலியன் கதைத்துத்தானே சம்பளம் வாங்குகிறேன். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியிருக்கும். ஏன் பொத்தினேன்? இரண்டாம் முறையாவது— ஏன்?

நவம்பர் 3, ஞாயிறு

இனி அந்தச் சட்டம் இல்லை என்று சொன்னேன். ஒருத்தன் தண்ணீர் வேண்டுமென்று இத்தாலியனில் கேட்டான். மற்றவர்களின் கைகள் தானாகக் காதுக்குப் போயின. "கையை எடுங்கோ" என்று கத்திவிட்டேன். இரண்டு பேர் அழுதார்கள். கோலாட்டம் நடக்கவில்லை.

நவம்பர் 14

ரதியை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். எழுந்து இருக்க முடியவில்லை. சோறு கரைத்து ஊட்டினேன். லக்ஷனா மற்ற அறையிலிருந்து வரவேயில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

லக்ஷனா வந்தாள். ஒருவருடனும் கதைக்காமல் ஆடினாள்.

வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினேன். அம்மா எப்படி, நீ எப்படி, இரவில் நித்திரை வருகிறதா— எல்லாம் இத்தாலியனில்தான் கேட்டேன். எந்தப் பாஷையிலும் சொல்லு, எவ்வளவு நேரமென்றாலும் கேட்டுக்கொண்டிருப்பேன் என்றேன்.

நிலத்தைப் பார்த்தபடி யோசித்தாள். பிறகு பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அம்மா நலமாக இருக்கிறார், ரீச்சர். நானும் நலமாக இருக்கிறேன்."

தேடினாலும் ஒரு பிழை இல்லை. கோல்களை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டாள்.