வெட்டிவிட்ட பொலித்தீன்

கார்த்திகை 18, செவ்வாய்

இரவு கடும் காற்று அடிக்கும் என்று காலையில் வானொலியில் சொன்னார்கள். என் கணவரும் நானும் மதியம்வரை பசுமைக்குடிலை இழுத்துக் கட்டினோம். பழைய வலைக்கயிறுகளைப் பொலித்தீன் கூரைக்கு மேலால் போட்டு, இருபக்கமும் முளை அடித்தோம். விடத்தல்தீவு மணலில் ஒரு முளையும் நிற்கவில்லை. ஒன்றை நான் ஒற்றைக் கையாலேயே பிடுங்கிவிட்டேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொலித்தீனை வெட்டி விடுவம். காத்து ஊடாலை போனால் குழாய்ச் சட்டமாவது மிஞ்சும்" என்றார்.

"கறிமிளகாய் இப்பத்தானே பூத்திருக்கு. இந்த மழை விழுந்தால் எல்லாம் அழுகிப்போகுமப்பா."

"குடிலே பறந்தால் பிறகு எதுக்குள்ளை நடுறது?"

எங்கள் முதல் குடில் போன வருடம் குழாயோடு பறந்துபோய் அடுத்த வளவு வேலியில் கிடந்தது. கத்தியை எடுத்தவருக்குக் கை வரவில்லை. நான்தான் வாங்கி, கதிரையில் ஏறி, கூரையை நீளத்துக்கு வெட்டினேன்.

இப்போது இரவு மணி பத்து. காற்று இன்னும் வரவேயில்லை. மழை மட்டும் பின்னேரத்திலிருந்து, வெட்டிய கூரை வழியே கறிமிளகாயின் மேல் விடாமல் பெய்கிறது. அவரும் விழித்துத்தான் படுத்திருக்கிறார்.