நம் வரிசையில் பச்சைச் சட்டை

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடிவீட்டு நர்ஸ் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் இருக்கிறேன், மூட்டு வலி என்னைவிடத் தெம்பாக இருக்கிறது. நீ அனுப்பிய போட்டோவை நர்ஸ் காட்டினாள். நன்றாகப் பெருத்துவிட்டாய், சிரித்தால் உன் அம்மா மாதிரியே இருக்கிறாய், அது நல்லதா கெட்டதா என்று இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் நீயே சொல்.

பழைய பாலம் ஆற்றுக்குள் உட்கார்ந்த வருஷம் உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ எனக்கு இருக்கிறது. அதே வருஷம்தான் பேப்பர் மில்லில் இரண்டாவது பாய்லர் வெடித்து என் இடது காது போயிற்று. அதே வருஷம்தான் உனக்கு முன்பல் நாலும் ஒரே மாதத்தில் விழுந்தன, ஏழு வயது. அந்தப் பல் சந்து வழியாகத் தண்ணீரைப் பீச்சி வாசல் விளக்குக் கம்பத்தை அடிப்பாய், குறி தப்பாது, உன் அம்மா அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அந்த வருஷம்தான் கால்பந்து மைதானத்தில் நம் டீம் கேலரியில் பன்னிரண்டாவது வரிசையில் நாலு சீட் சேர்த்துப் பிடித்தோம். சலூன்காரர், பஸ் கண்டக்டர், நான், உன் அம்மா. நீ அம்மா மடியில்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்பாய். போன வாரம் போனில் சொன்னாயே, அம்மா சீட்டை ஆறு வருஷமாக வாங்குகிறவர் என் சீட்டையும் சீசன் முழுக்கக் கேட்கிறார், இந்தக் குளிரில் போய் உட்காருவானேன், டிவியில் பாருங்கள் அப்பா என்று. எனக்கு எழுத்து தெரியாது என்று இரண்டு சீட்டையும் உன் பேரில்தான் போட்டோம், நீ அங்கே விரலால் தட்டினால் இங்கே என் இடம் போய்விடும். அப்புறம் பேசலாம் என்று போனை வைத்தேன். போனில் சொல்லுகிற விஷயம் இல்லை இது.

நம் மைதானத்தை நீ இப்போது பார்க்க வேண்டும். எதிர் டீம் பச்சைச் சட்டைக்காரர்கள் முப்பது பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். கேலரி மூன்று பக்கமும் பச்சை, நாலாவது பக்கம் காலி. அவர்கள் கோல் போட்டால் கூரைத் தூசி தலையில் கொட்டுகிறது, நாம் போட்டால் கோல்கீப்பர் இருமுவது கேட்கிறது. வாசல் டீக்கடைக்காரன்கூடப் பச்சைத் தொப்பி விற்கிறான். என் சிவப்புச் சட்டையைப் பார்த்துவிட்டு கேட் காவலாளி, பெரியவரே வழி தவறி வந்துட்டீங்களா என்று கேட்டான், சொந்த ஊரில். சலூன்காரர் நெஞ்சு அடைத்துப் போனார், அவர் மகன் சீட்டைப் பச்சைக்காரர்களுக்கு விட்டான். கண்டக்டர் படுக்கையில் இரண்டு வருஷம் கிடந்து போனார், அவர் மருமகனும் விட்டான். உன் அம்மா போன பதினாறாம் நாள் நீயும் விட்டாய். உன்னை மட்டும் குறை சொல்லவில்லை, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மா சீட்டில் உட்காருகிறவன் அமைதியான ஆள். அறுபது இருக்கும். பிளாஸ்கில் டீ கொண்டுவந்து எனக்கும் ஊற்றுவான். அந்த முப்பது பஸ்ஸையும் ஏற்பாடு செய்கிறவன் அவன்தான், நம் ஊர்க்காரர்களின் சீட்டை ஒவ்வொன்றாக வளைத்தவனும் அவன்தான் என்பது எனக்குப் போன ஆட்டத்தில்தான் தெரிந்தது. அவன் பச்சைக்காரன் இல்லையம்மா. இந்த ஊர்க்காரன்.

அந்தக் காலத்தில் எதிர் டீம் சட்டையோடு ஒருவன் நம் கேலரிக்குள் வந்தால் சட்டையைக் கழற்றி முன் கம்பியில் கட்டிவிடுவோம், ஆட்டம் முடிகிறவரை வெற்றுடம்போடு உட்கார வேண்டும், அதுதான் நம் வழக்கம். பாலம் விழுந்த வருஷம் மழை நாளில் ஒரு பையன் பச்சைச் சட்டையோடு ஓடிவந்து நம் வரிசையில் உட்கார்ந்தான், இருபது வயது இருக்கும். சலூன்காரர் அவன் இரண்டு கையையும் பின்னால் பிடித்தார். அவன், அண்ணே இது டீம் சட்டை இல்ல, கேஸ் கம்பெனி சட்டை, வேலையிலிருந்து நேரா வரேன், பாக்கெட்டுல எழுதியிருக்கு படிங்க என்று கத்தினான். எனக்கா படிக்கத் தெரியும். கண்டக்டரைப் பார்த்தேன். அவர் குனிந்து நிதானமாகப் படித்துவிட்டு, அவங்க டீம் பேருதான் என்றார். நான் உருவிக் கம்பியில் கட்டினேன். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் சொன்னாள், அந்தப் பாக்கெட் எங்க பாக்டரில நான் தைச்சதுங்க, தையலைப் பார்த்ததுமே தெரிஞ்சுது என்று. அப்புறம் சோறு போட்டாள், சாப்பிட்டோம்.

போன ஆட்டத்தில் மழை வந்தது. அம்மா சீட்டுக்காரன் தன் பையிலிருந்து அந்தப் பச்சைச் சட்டையை எடுத்து என் மடியில் வைத்தான், வெளுத்துப் போயிருந்தது, பாக்கெட் மட்டும் உறுதியாக இருந்தது, உன் அம்மா தையல் அப்படி. "பாய்லர்காரர்தானே? இன்னிக்காவது படிங்க" என்றான். எனக்கு எழுத்து தெரியாதுப்பா என்றேன். அது எனக்குத் தெரியும் என்றான். நான் என் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன், சுற்றிலும் பச்சைக்காரர்கள் பார்த்தார்கள். மூன்று பொத்தான் கழற்றும்வரை சும்மா இருந்துவிட்டு, "போட்டுக்குங்க, செத்துக்கித்து வெச்சா என் தலையில விழும்" என்றான். பிறகு கண்ணுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினான். "சட்டை நனைஞ்சது, காஞ்சிருச்சு. இங்க பட்டது காயல. பல்லு விழுந்த பொண்ணு ஒண்ணு மடியில இருந்துச்சே, அது எங்க?"

மறந்துவிட்டாயா, மகளே. சலூன்காரர் அவன் கையைப் பின்னால் பிடித்திருந்தபோது அம்மா உன் காதில் ஏதோ சொன்னாள். நீ மடியில் எழுந்து நின்று பல் சந்து வழியாக அவன் முகத்தில் துப்பினாய். குறி தப்பவில்லை. சலூன்காரர் விசில் அடித்தார், நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம்.

நான் அவனிடம், அது செத்துப்போச்சு என்றேன். நர்ஸ் இதை எழுதமாட்டேன் என்றாள், எழுது என்றேன். அவன் சிரித்தான். போனை எடுத்து நீ அனுப்பியதைப் படித்துக் காட்டினான். "அண்ணா, அப்பாவுக்கு டீ எல்லாம் குடுக்கறீங்களாம், ரொம்ப நன்றி, எங்க வீட்டு ஆள் மாதிரி இருக்கீங்க." ஆறு வருஷத்தில் இப்படி எத்தனையோ அனுப்பியிருக்கிறாய், ஒன்று விடாமல் வைத்திருக்கிறான். "உங்க சீட்டு எனக்கு எதுக்குங்க? அதைச் சாக்கா வெச்சுத்தான் அதுகிட்ட பேசறேன். குடுக்கறதா இருந்தா நேர்ல வந்து என் கையில குடுக்கச் சொல்லுங்க" என்று டீ ஊற்றிக் கொடுத்தான். வாங்கிக் குடித்தேன்.

வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். போனில் தட்டி மட்டும் விற்றுவிடாதே. வந்தால் அவன் முன்னால் சிரிக்காதே, இப்போது உனக்குப் பல்லெல்லாம் இருக்கிறது. பேத்திக்கு முன்பல் ஆடுகிறது என்றாயே, அதை யார் மடியிலும் உட்கார வைத்து மைதானத்துக்கு அனுப்பாதே. வெளியே போகும்போது கேஸை மூடிவிட்டுப் போ. மூன்று பேரும் நூறு வயது இருங்கள்.

சலூன்காரர் கையைப் பிடித்தார், போய்விட்டார். கண்டக்டர் பொய்யாகப் படித்தார், போய்விட்டார். அம்மா சிரித்தாள், போய்விட்டாள். கட்டியவன் நான், என்னை அவன் ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு அந்த வரிசையில் உயிரோடு இருக்கிற கடைசி ஆள் நீதான்.

இப்படிக்கு, விரல் ரேகை வைத்திருக்கும் உன் அப்பா.