ஆடாமல் விட்ட இறுதிப் போட்டி

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
21.3.2024

என் செல்ல மகள் தேவிப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் அந்த டப்ளின் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். தேர்தல் அறிவித்ததிலிருந்து கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குவதில்லை, மனு இல்லாவிட்டால் ஜெராக்ஸ் ஏது, கடையில் மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அது ஒன்று. இன்னொன்று, உன் தம்பி அருள்ராஜ் உனக்கு அனுப்பிய வீடியோ அரை நிமிஷம்தான், அதில் உன் அம்மா சேற்றில் விழுவது மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நீ போனில் அழுததும், முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று அதட்டியதும், அதற்கு அவள் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டதும் எனக்குத் தெரியும். விழுந்ததற்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்தால் நீ அழ மாட்டாய் பாப்பா.

நம் அடுத்த தெரு சிந்துஜாவை ஞாபகம் இருக்கிறதா, சின்ன வயதில் அம்மாவின் அங்கன்வாடியில் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அழுவாளே, அவள் இப்போது கல்லூரியில் வரலாறு மூன்றாம் வருஷம். உன் அம்மா படித்த அதே கல்லூரி. அங்கே வருஷா வருஷம் மகளிர் தினத்துக்குக் கோலப் போட்டி, அடுப்பில்லாத சமையல் போட்டி, மெஹந்தி, கடைசியில் ஒரு சிறப்பு விருந்தினர் பேச்சு, அவ்வளவுதான். இந்த வருஷம் வரலாற்றுத் துறைக்கு வந்திருக்கும் ரேவதி மேடம், கோலத்தை வீட்டிலேயே போடுகிறோம், இங்கே பெண்களின் வரலாற்றைக் கொண்டாடலாம், புத்தகத்தில் இருக்கிறவர்கள் போதும், அவரவர் தெருவில் இருக்கிற பெண்களைப் போய்க் கேட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். சிந்துஜா நேராக நம் வீட்டுக்கு வந்தாள். ஆன்ட்டி, நீங்க காலேஜ் படிக்கும்போது என்ன பண்ணீங்க என்று கேட்டாள். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, என்னா பண்ணேன், கபடி ஆடினேன் என்றாள். அப்புறம் கீரையை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். நானும் அன்றைக்குத்தான் முழுக்கதையையும் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், கபடி ஆடுவேன் என்று சொல்லியிருக்கிறாளே தவிர இதைச் சொன்னதில்லை.

அவளுடைய அணிதான் அந்தக் கல்லூரியின் முதல் பெண்கள் கபடி அணி. இடுப்பில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடி, ஒவ்வொரு ஊராக ஜெயித்து இறுதிப் போட்டி வரைக்கும் போய்விட்டார்கள். இறுதிப் போட்டி வேலூரில். கூட ஒரு லேடி லெக்சரர் வந்தால்தான் பெண்களை வெளியூர் அனுப்புவோம் என்று விதி. வழக்கமாகப் போகிறவர் பிரசவத்துக்குப் போயிருந்தார், வேறு யாரும் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு காலையிலேயே கல்லூரி வாசலில் வந்து நின்ற பிள்ளைகளை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே ஆடாமலே கோப்பையை வேலூர் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் கிளாஸில் பசங்க, தோத்துட்டீங்களாமே என்று கேட்டார்களாம். ஆடவே இல்லடா, எப்படித் தோக்கறது என்று அன்புச்செல்வி சண்டைக்குப் போனாளாம். அவள்தான் கேப்டன். இப்போது போளூர் பக்கத்தில் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ்.

சிந்துஜா இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனாள். நாலு நாள் கழித்து ரேவதி மேடத்தையே அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். மகளிர் தினத்துக்கு அந்த இறுதிப் போட்டியை நம் மைதானத்தில் நடத்திவிடலாம், வேலூர் அணியையும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். எனக்குப் பகீரென்றது. ஐம்பது வயதுப் பெண்கள், இவளுக்குச் சர்க்கரை வேறு, முட்டி வேறு. நான், இதெல்லாம் சரிப்படுமா மேடம் என்று இழுத்தேன். உன் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. எங்க பழய ஆளுங்கள நான் புடிக்கறேன் மேடம், வேலூரு ஆளுங்கள நீங்க புடிங்க என்றாள். பிரின்சிபாலும் முதலில் என்னைப் போலத்தான் பயந்தார். யாருக்காவது கை கால் ஒடிந்தால் யார் பதில் சொல்வது என்றாராம். ஆளுக்கு ஒரு டாக்டர் சர்டிபிகேட், ஆட்ட நேரம் பாதி, மைதானத்தில் ஆம்புலன்ஸ் என்று ரேவதி மேடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். உனக்குச் சொல்லவேண்டாம் என்று அம்மாதான் சொன்னாள். அவ நர்ஸு, வேணாம்னுதான் சொல்லுவா, அப்புறம் மீற முடியாது என்றாள். அதனால் என்மேல் கோபப்படாதே.

ஆட்களைத் தேட ஆரம்பித்தபோதுதான் அணியில் இருந்த பச்சையம்மாள் கொரோனாவில் போய்விட்ட செய்தி தெரிந்தது. அம்மாவுக்கு ஹாஸ்டலில் பக்கத்துப் பாயில் படுத்தவள் அவள். செங்கம், ஓசூர் என்று மற்றவர்கள் கிடைத்துவிட்டார்கள். மிச்சம் ஜஹானாரா. தேரடி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாரே மதார் சாகிப், அவருடைய சம்சாரம். வருஷம் பூராவும் அந்தக் கடையில் துணி எடுக்கிறோம், அந்த அம்மாதான் அந்த அணியில் முதலில் பாடிப்போகிற ரைடர் என்று யார் கண்டது. அவள் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டாள். மகன் அப்சலுக்கு ரம்ஜான் முடிந்ததும் நிக்காஹ், ஆம்பூரில் பெண். வேணாம்டி, யாராச்சும் போன்ல புடிச்சுப் போட்டுட்டா சம்பந்தி வூட்டுல என்னா நெனைப்பாங்க, இந்த வயசுல எனக்கு இது தேவையா என்றாளாம். உன் அம்மா வற்புறுத்தவில்லை. அவ இல்லாம ஆடினா ஆட்டமே இல்ல, ஆனா அவ சங்கடப்பட்டு வரவேணாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் வழக்கம்போல நம் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். தோசை ஊற்றும்போதுகூட மூச்சுப் பிடிக்கப் பழக வேண்டும் என்று கபடி கபடி கபடி. அங்கன்வாடிப் பிள்ளைகள் அதைக் கேட்டுப் பழகி, சத்துமாவு உருண்டையைத் தின்னும்போதும் கபடி கபடி என்கின்றன. ஒரு அம்மா வந்து என்ன டீச்சர் சொல்லித் தர்றீங்க என்று புகாரே கொடுத்துவிட்டாள்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா, அப்சல் இதைத் தனக்கு நிச்சயமான பெண்ணிடம் போனில் சொல்லியிருக்கிறான். மெஹ்ஜபீன் என்று பேர், எம்.எஸ்ஸி படிக்கிற பெண். அவள் நேராக மாமியாருக்கே போன் போட்டு, மாமி, நீங்க ஆடறீங்கன்னா நானும் எங்கம்மாவும் வந்து முன்வரிசைல உக்காருவோம், நீங்க ஆடலன்னா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும் என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் ஜஹானாரா என்ன செய்வாள். மார்ச் பன்னிரண்டாம் தேதி நோன்பு ஆரம்பம், அதற்குள் ஆடிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மதார் சாகிப் சும்மா இருப்பாரா, மொத்த அணிக்கும் பச்சைக் கலரில் துணி கிழித்துக் கொடுத்தார். ஜஹானாரா தனியாகத் தெரியக் கூடாது, எல்லாருக்கும் முழுக்கை, தலைக்கு எல்லாருக்கும் ஸ்கார்ஃப் என்று கேப்டன் உத்தரவு. அம்மா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதைப் பார்க்கணுமே நீ. எப்டிங்க இருக்கேன் என்றாள். நல்லா இருக்கே என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டத்தன்று வெயில் சும்மா இல்லை. மைதானத்தைக் கொத்தித் தண்ணீர் விட்டு வைத்திருந்தார்கள். காலேஜ் பிள்ளைகள் மரத்தடி, மாடி, சுவர் எங்கும். அடுப்பில்லாத சமையல் போட்டிக்கு வந்தவர்கள்கூடத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டார்கள். வேலூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள், கேப்டன் குமுதா, நல்ல உயரம். நம் ஆட்கள் ஆறு பேராகத்தான் இறங்கினார்கள். பச்சையம்மாள் இடத்தில் யாரையும் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். ஏன் ஒரு ஆள் கம்மி என்று குமுதா கேட்டாள், அன்புச்செல்வி சொன்னாள். குமுதா திரும்பித் தன் அணியில் ஒருத்தியைப் பார்த்து, நீ உக்காரு மா, நாமளும் ஆறு பேரே ஆடுவோம் என்றாள். நடுவர் அப்படி விதி இல்லை என்றார். இருந்தா என்ன சார், இல்லனா என்ன என்று குமுதா கோட்டைத் தாண்டிப் போய் நின்றுகொண்டாள். அம்மா முந்தானை என்று நினைத்து ஜெர்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

முதல் பாதியில் நம்மவர்கள் ரொம்பப் பின்னால். செங்கத்துக்காரிக்கு மூச்சு வாங்கியது, அன்புச்செல்வி எல்லோரையும் வகுப்பில் போலத் திட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாதியில் ஜஹானாரா போனாள் பார். அந்த அம்மா வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை பாப்பா. உள்ளே போனாள், ஒரு பொய் அடி வைத்தாள், இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் காற்று மாதிரி திரும்பிவிட்டாள். முன்வரிசையில் மெஹ்ஜபீன் நாற்காலிமேல் ஏறி நின்று மாமி மாமி என்று கத்துகிறாள், பக்கத்தில் அவள் அம்மாவும் கத்துகிறார். மதார் சாகிப் என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு விரல் மரத்துவிட்டது. அப்புறம் உன் அம்மா போனாள். ஒருத்தி காலைப் பிடித்துவிட்டாள், இன்னொருத்தி மேலே விழுந்தாள், இவள் கபடி கபடி என்று விடாமல் அந்த இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே ஊர்ந்து வந்து நடுக்கோட்டைக் கையால் தொட்டாள். விசில். நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அருள்ராஜ்தான், அப்பா உக்காருப்பா, பின்னாடி மறைக்குது என்று இழுத்து உட்கார வைத்தான்.

இரண்டு அணியும் சமம். கடைசி ரைடு குமுதாவுடையது. நம் பக்கத்தில் அம்மா ஒருத்தி மட்டும் பாக்கி நிற்கிறாள். குமுதா வந்தாள், அம்மா பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள், குமுதா அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டே விழுந்து கோட்டைத் தொட்டுவிட்டாள். அதோடு வேலூர் ஜெயித்துவிட்டது. உனக்கு வந்த வீடியோ அதுதான். அம்மா சேற்றில் குப்புறக் கிடந்தாள், எழுந்திருக்கவில்லை. முட்டி போய்விட்டது என்று நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன், ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். கிட்டே போய்த் திருப்பினால் சிரித்துக்கொண்டிருக்கிறாள் பாப்பா. மூச்சு முட்டச் சிரிக்கிறாள். ஒண்ணும் ஆவலீங்க, தோத்துட்டோம் என்றாள். அதுக்கு ஏம்மா சிரிக்கிறே என்றேன். இத்தினி வருஷமா ஆடாத தோல்விய சொமந்துகினு இருந்தோம், இது ஆடித் தோத்தது என்றாள். பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்திருந்த குமுதா அவள் தோளில் கைபோட்டு, எங்களுக்கு மட்டும் என்னா, ஆடாம வாங்கின கோப்பைய யாருகிட்ட காட்டறது, இன்னிக்குத்தான் ஜெயிச்சோம் என்றாள். அதற்குள் மற்றவர்களும் வந்து விழுந்தார்கள், யார் எந்த அணி என்றே தெரியாத அளவுக்கு எல்லோர்மேலும் ஒரே மண்.

மேடையில் ரேவதி மேடம் அம்மாவைப் பேசச் சொன்னார். அவள் மைக்கைப் பிடித்துப் பேசி நீ பார்த்திருக்கிறாயா, நானும் பார்த்ததில்லை. பேச்செல்லாம் பேசவில்லை. இப்போதைய பெண்கள் அணியைப் பார்த்து, நீங்க வெளியூர் மேட்ச்சுக்குப் போறீங்களா என்று கேட்டாள். ஒருத்தி எழுந்து, கூட வர மேடம் இல்லாததால டிசம்பர்ல போகல ஆன்ட்டி, இந்த மாசம் சேலத்துலயும் இருக்கு, போவோமான்னு தெரியல என்றாள். அம்மா பிரின்சிபாலைத் திரும்பிப் பார்த்து, சார், நான் கூடப் போறேன் சார், நானும் இந்தக் காலேஜ் பொண்ணுதானே என்றாள். அப்போது எழுந்த கைதட்டலில் அவர் மறுக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. ஆனால் அவர் மறுக்கவில்லை, எழுந்து வந்து கும்பிட்டார். அன்புச்செல்வி, சேலத்துக்கு நீ, அடுத்ததுக்கு நான் என்று அங்கேயே முறை போட்டுவிட்டாள்.

ஆக, உன் அம்மா செவ்வாய்க்கிழமையிலிருந்து சேலத்தில். அங்கன்வாடிக்கு லீவு போட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடப் போனேன், அந்தப் பிள்ளைகளின் பைகளை எண்ணுவதும் தண்ணீர் பாட்டில் வாங்குவதுமாக இருந்தாள், பஸ் கிளம்பும்போது எனக்குக் கையாட்ட மறந்துவிட்டாள். வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிடுகிறேன், உப்புத்தான் ஜாஸ்தியாகிவிடுகிறது. நேற்று அவளே போன் செய்தாள், தொண்டை கட்டிப்போயிருந்தது. என்னம்மா குரல் இப்படி என்றேன். செமி ஃபைனல் ஜெயிச்சிட்டாங்க, நாளன்னிக்கு ஃபைனலு, வைங்க வைங்க, பொண்ணுங்க சாப்புட உக்காருதுங்க என்று வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நீ நைட் டியூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றில் படுக்காதே. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பு சுத்தமாக இருக்கிறது, சும்மா வீக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முட்டியைப் பற்றிக் கேட்காமல் முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கேள், அவள் அதற்குத்தான் காத்திருக்கிறாள். அப்சல் நிக்காஹ்வுக்கு உன்னையும் அழைத்திருக்கிறார்கள், வர முடியாவிட்டாலும் மெஹ்ஜபீனுக்கு ஒரு வாழ்த்தாவது அனுப்பிவிடு, மறந்துவிடாதே. தீர்க்காயுசாக, நினைத்த காரியமெல்லாம் கைகூடி, எந்த ஊரில் இருந்தாலும் தலை நிமிர்ந்து நீ நடக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அப்பா,
சகாதேவன்